முன்பாதத்தில் ஓடினால் வலி வராது என்றார்களே?

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து 23 வயது இளைஞர் ஒருவர் எழுதியிருக்கிறார். பி.காம். முடித்துவிட்டு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிறார். உடல்தகுதித் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அவர் இப்போது 7 நிமிடம் 20 வினாடியில் நிற்கிறார். தேர்வுக்கு இன்னும் 14 வாரம் இருக்கும் என்பது அவர் கணக்கு.

ஆறு மாதமாக ஷூ போட்டுத்தான் ஓடினார். முட்டியின் முன்பக்கம் லேசாக வலி இருந்தது. கூட ஓடும் அண்ணன் ஒருவர், "குதிங்காலைக் குத்தி ஓடுறதாலதான் முட்டி வலிக்குது, ஷூவைக் கழத்திப் போட்டுட்டு முன்பாதத்துல ஓடு" என்றார். ஏழு வாரத்துக்கு முன் ஒரே நாளில் மாறிவிட்டார். முட்டி வலி இரண்டே வாரத்தில் போய்விட்டது. ஆனால் இப்போது வலது குதிங்காலுக்கு இரண்டு விரற்கடை மேலே, பின்பக்கம் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் முதல் பத்து அடி நொண்டுகிறார், நடக்க நடக்கச் சரியாகிறது. தொட்டுப் பார்த்தால் அந்த இடம் தடித்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் பொங்கல் கபடியில் இதே கால் பிரண்டு வீங்கியது. உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் வைத்துக் கட்டி, பதினைந்து நாளில் நடந்துவிட்டார். ஆனாலும் மேடு பள்ளத்தில் அந்தக் கால் இன்றைக்கும் அவ்வப்போது பிரள்கிறது.

அவர் கேட்பவை நான்கு. குதிங்கால் ஊன்றி ஓடுவது தப்பா? ஒன்பதாயிரம் ரூபாய் ஷூ வாங்கினால் சரியாகிவிடுமா? தாத்தா ஆயுசு முழுக்கச் செருப்பில்லாமல் நடந்தவர், எனக்கு மட்டும் ஏன் இப்படி? ஊசி போட்டுக்கொண்டு தேர்வில் ஓடிவிடலாமா?

தம்பி, நேரில் தொட்டுப் பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் எல்லாம் அக்கிலிஸ் தசைநாணைத்தான் காட்டுகின்றன. இன்றைக்கே ஆரம்பித்தால் 14 வாரம் பெரும்பாலும் போதும். வலியைப் பொறுத்துக்கொண்டு இப்படியே ஓடினால் போதாது.

"குதிங்கால் நரம்பு இழுக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கம் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். அது நரம்பு இல்லை. கெண்டைக்கால் சதையைக் குதிங்கால் எலும்போடு கட்டும் கயிறு அது, உடம்பிலேயே தடித்த தசைநாண். நரம்பு என்று நினைப்பவர்கள் எண்ணெய் போட்டு உருவிவிடுகிறார்கள், நரம்புச் சத்து மாத்திரை வாங்குகிறார்கள். அதில் பல வாரம் வீணாகப் போவதைப் பார்த்திருப்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன். தசைநாண் தேறுவதற்கு அளவான சுமை வேண்டும். அந்தச் சுமையை விடாமல், பல வாரம் கொடுக்க வேண்டும்.

சுமை எங்கே போனது?

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் தரை உங்கள் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசையோடு திருப்பித் தள்ளுகிறது. உங்கள் எடை 68 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் 136 முதல் 204 கிலோ வரை, கால் நொடிக்குள், ஒற்றைக் காலில் இறங்குகிறது. 1500 மீட்டருக்கு ஏறக்குறைய 1200 அடி வைப்பீர்கள், ஒரு காலுக்கு 600. இந்தச் சுமையை யாராலும் இல்லாமல் ஆக்க முடியாது. எந்த மூட்டு எவ்வளவு வாங்கிக்கொள்வது என்பதை மட்டும் ஓடும் விதத்தாலும் ஷூவாலும் மாற்றலாம்.

குதிங்கால் முதலில் பட்டால் அதிர்வு ஒரு குத்தாக மேலே ஏறும். முட்டியும் தொடையின் முன்சதையும் அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். முன்பாதம் முதலில் பட்டால் அந்தக் குத்து வராது. ஆனால் அப்போது குதிங்கால் அந்தரத்தில் நிற்கிறது. அதை மெல்லத் தரைக்கு இறக்குவது கெண்டைக்கால் சதையின் வேலை. கிணற்றுக்குள் கனமான குடத்தை இறக்கும்போது கயிற்றைப் பிடித்துப் பிடித்துத்தானே விடுவோம்? அந்தக் கயிற்றின் வேலையைச் செய்வது உங்கள் அக்கிலிஸ். சாதாரண ஓட்டத்திலேயே அதில் விழும் இழுவிசை உடல் எடையைப் போல ஆறேழு மடங்கு இருக்கும். முன்பாத ஓட்டத்தில் அது இன்னும் கூடும்.

வீட்டு வாசல்படியில் இதைச் செய்து பாருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு, முன்பாதத்தை மட்டும் படி விளிம்பில் வைத்து, ஒற்றைக் காலில் எம்பி, குதிங்காலை மெதுவாக இறக்குங்கள். இருபதாவது தடவைக்குள் கெண்டைக்கால் காந்த ஆரம்பிக்கும். ஏழு வாரமாக நீங்கள் காலுக்கு இதைத்தான் செய்திருக்கிறீர்கள், ஒரு ஓட்டத்துக்கு 600 தடவை, இதைவிடப் பல மடங்கு வேகத்தில்.

அதனால் உங்கள் அண்ணன் சொன்னது பொய் இல்லை. முட்டிக்குச் சுமை குறைந்தது, வலி போனது. அந்தச் சுமை கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. சதை சில வாரத்தில் பழகிவிடும், தசைநாண் பழக மாதங்கள் ஆகும். உங்கள் சதை தயாராகிவிட்டதாக நினைத்து நீங்கள் தூரத்தைக் கூட்டினீர்கள். கயிறு இன்னும் தயாராகவில்லை.

குதிங்கால் ஊன்றுவது தப்பா?

தப்பில்லை. இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது தெரியுமா? 2010ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் லீபர்மன் குழுவினர், வெறுங்காலிலேயே ஓடிப் பழகிய கென்யர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குவதையும், அப்போது அந்த முதல் குத்து வராததையும் அளந்து காட்டினார்கள். நல்ல ஆய்வுதான். ஆனால் அது ஊர் ஊராகப் பரவும்போது "வெறுங்காலில் ஓடினால் அடியே படாது" என்று ஆகிவிட்டது. மூன்று வருஷம் கழித்து வட கென்யாவில், செருப்பே போடாத இன்னொரு மக்களிடம் பார்த்தபோது, நிதானமான வேகத்தில் அவர்களில் பெரும்பாலோர் குதிங்காலைத்தான் முதலில் ஊன்றினார்கள். வேகம் கூடக் கூட முன்பாதத்துக்கு மாறியவர்களும் இருந்தார்கள். உங்கள் கடைசி 200 மீட்டரில் உங்களுக்கும் அப்படித்தான் நடக்கும். அதைத் தடுக்க வேண்டாம்.

எத்தியோப்பிய ஓட்டக்காரர் அபேபே பிகிலாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 1960ல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் அவர் வெறுங்காலில் ஓடித் தங்கம் வாங்கியது உண்மை. 1964ல் டோக்கியோவிலும் அவர்தான் தங்கம் வாங்கினார், அப்போது ஷூ போட்டிருந்தார். நேரமும் மூன்று நிமிடம் குறைந்திருந்தது. அந்த இரண்டாவது கதையை யாரும் பையன்களுக்குச் சொல்வதில்லை. அது எனக்கு வருத்தம்.

உங்கள் முட்டி வலிக்கு என் சந்தேகம் வேறு. பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியத்தில் காலை ஐந்தரைக்கு ஓடும் பையன்களைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒன்று தெரியும். நேரம் குறைக்க வேண்டும் என்று காலை எட்டி எட்டி வைக்கிறார்கள். முட்டி நீண்டு, பாதம் உடம்புக்கு வெகு முன்னால் போய் விழுகிறது. அப்படி விழும் ஒவ்வொரு அடியும் உடம்புக்குப் போடும் பிரேக். நீங்களும் அப்படி ஓடுகிறீர்களா என்று யாரையாவது பக்கத்தில் நின்று செல்போனில் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணுங்கள். 160 வந்தால், அதே வேகத்தில் 168, 170 ஆக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். அடி சின்னதாகும், பாதம் உடம்புக்குக் கீழே வரும், முட்டிக்குச் சுமை குறையும். பாதத்தின் எந்தப் பகுதி முதலில் படுகிறது என்று யோசிக்கவே தேவையில்லை.

பிரண்ட கால்

கடிதத்தின் கடைசியில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய விஷயம் இது. எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான்.

கணுக்கால் மூட்டின் நடுவே தாலஸ் என்று ஒரு எலும்பு இருக்கிறது. முன்பக்கம் அகலம், பின்பக்கம் ஒடுக்கம், ஏறக்குறைய ஒரு ஆப்பு. கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் இரண்டு பக்கமும் அதைக் கவ்விப் பிடிக்கின்றன. பாதத்தை மேலே மடக்கினால் அகலமான பக்கம் உள்ளே போய் இறுகும், மூட்டு அசையாது. பாதத்தைக் கீழே நீட்டினால் ஒடுங்கிய பக்கம் வந்து மூட்டு தளரும். கால் பிரள்வது பெரும்பாலும் இந்தத் தளர்ந்த நிலையில்தான். இப்போது யோசியுங்கள். முன்பாதத்தில் இறங்கும்போது, தரையைத் தொடும் அந்தக் கணத்தில் உங்கள் பாதம் கீழே நீண்டிருக்கிறது. எலும்போடு எலும்பைக் கட்டும் வெளிப்பக்க நார் ஏற்கெனவே நைந்துபோன காலை, மூட்டு தளர்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, நீங்கள் ஓடும் கன்னடியன் கால்வாய்க் கரையின் கல்லிலும் பள்ளத்திலும் இறக்கியிருக்கிறீர்கள்.

கட்டுப் போட்டதைக் குறை சொல்லவில்லை. வீக்கமும் வலியும் அதில் அடங்கியிருக்கும். ஆனால் அந்த நாருக்குள் "கால் சாய்கிறது" என்று மூளைக்குச் சொல்லும் உணர்விகள் இருக்கின்றன. அவற்றைத் திரும்பப் பழக்குவது கட்டால் ஆகாது, பயிற்சியால்தான் ஆகும். சோதித்துப் பாருங்கள்: சுவருக்குப் பக்கத்தில் வலது காலில் மட்டும் நின்று கண்ணை மூடுங்கள். இடது காலில் அதையே செய்யுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் வேலை பாக்கி இருக்கிறது. இன்னொன்று: பெருவிரலைச் சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி வைத்து, குதிங்கால் எழும்பாமல் முட்டியால் சுவரைத் தொட முடிகிறதா? வலது காலில் முடியாமல் இடது காலில் முடிந்தால் மூட்டு இறுகியிருக்கிறது. தினமும் இதையே பயிற்சியாகச் செய்யலாம்.

ரோட்டில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள். பாதுகாப்புக்கு அது சரி. ஆனால் ரோடு நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரியும். வலது ஓரத்தில் ஓடினால் வலது பாதம் ஒவ்வொரு அடியிலும், பிரளும் திசையிலேயே சாய்ந்து இறங்கும். இந்த 14 வாரத்துக்குக் கால்வாய்க் கரையும் வேண்டாம், ரோட்டோரமும் வேண்டாம். பள்ளிக்கூட கிரவுண்டு போதும். ஒருநாள் இடம் சுற்று, ஒருநாள் வலம் சுற்று. காலுக்கு பலம் வரும் என்று உவரி கடற்கரை மணலுக்குக் கூப்பிடுவார்கள். மணலில் குதிங்கால் புதைந்து தசைநாண் இன்னும் இழுபடும், இப்போதைக்குப் போகாதீர்கள்.

ஷூவும் தாத்தாவும்

வழக்கமான ஓட்ட ஷூவில் குதிங்கால் பக்கம் முன்பக்கத்தைவிட 10, 12 மில்லிமீட்டர் உயரமாக இருக்கும். அந்த உயரத்தால் கணுக்கால் அதிகம் மடங்க வேண்டியிருக்காது, அக்கிலிஸ் கொஞ்சம் தளர்வாக இருக்கும். ஷூவைக் கழற்றிய அன்றே அந்த 12 மில்லிமீட்டரும் போய்விட்டது. முன்பாத ஓட்டமும் அதே நாளில் சேர்ந்துகொண்டது. இரண்டு மாற்றமும் ஒரே தசைநாண் தலையில் விழுந்தன. அதனால் பழைய ஷூவுக்கே திரும்புங்கள். மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள்: ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலோ, குதிங்கால் பகுதி கையால் அமுக்கினால் நசுங்கினாலோ மாற்றிவிடுங்கள். குதிங்காலின் வெளி ஓரம் தேய்ந்திருப்பது இயல்பு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

ஒன்பதாயிரம் ரூபாய் தேவையில்லை. கடையில் போட்டுப் பத்து நிமிடம் நடந்து, துள்ளிப் பார்த்து, எங்கேயும் உறுத்தாத ஓட்ட ஷூ எதுவோ அதுவே போதும். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும், சாயங்காலமாகப் போய் வாங்குங்கள், பகல் முழுக்க நடந்த பாதம் கொஞ்சம் பெருத்திருக்கும். கார்பன் தகடு வைத்த தடித்த ஷூக்களை இப்போது எல்லோரும் பார்க்கிறார்கள். சாலைப் போட்டிக்கான ஷூவின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று உலகத் தடகள அமைப்பு 2020ல் விதி போடும் அளவுக்கு அவை வேகம் தருகின்றன. ஆனால் அவ்வளவு உயரத்தில் மெத்தென்ற அடியில் நிற்கும் கணுக்கால் பிரண்டால் வேகமாகப் பிரளும். பிரளும் கால் உள்ளவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

தாத்தா விஷயம். அவர் பாதம் நடை பழகிய நாளிலிருந்து மண்ணில் வளர்ந்தது. எலும்பும் சதையும் தோலும் அதற்கேற்ப ஆனவை. நீங்கள் பள்ளிக்கூடம் தொட்டு இருபது வருஷம் ஷூவிலும் செருப்பிலும் இருந்துவிட்டு, ஏழு வாரத்தில் அவர் காலைக் கேட்கிறீர்கள். 2013ல் வந்த ஒரு ஆய்வில், மெல்லிய அடிப்பாகம் கொண்ட ஷூவுக்குப் பத்து வாரத்தில் மாறிய ஓட்டக்காரர்களுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். அவர்களில் பலருக்குப் பாத எலும்புக்குள் நீர் கோத்திருந்தது. அடிபட்ட எலும்பின் முதல் அடையாளம் அது. வெறுங்கால் ஓட்டம் பிடித்திருந்தால் வேலையில் சேர்ந்த பிறகு, ஒருநாள் விட்டு ஒருநாள், நல்ல தரையில் இரண்டு நிமிடத்தில் ஆரம்பியுங்கள். நான் தடுக்க மாட்டேன்.

ஊசி வேண்டாம்

அக்கிலிஸில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு ஓடுவது இருப்பதிலேயே ஆபத்தான வழி. வலி மறையும், தசைநாண் பலவீனமாகும், தேர்வு நாளிலேயே அறுந்துபோகலாம். சாதாரண வலி ஊசியும் எச்சரிக்கையை மட்டும்தான் அணைக்கும். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் தசைநாணைப் பாதிக்கலாம் என்று 2008லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்திருக்கிறது. காய்ச்சலுக்கோ வயிற்றுப்போக்குக்கோ போனால், குதிங்காலில் இந்த வலி இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

14 வாரத்தை எப்படிச் செலவழிப்பது?

முதல் இரண்டு வாரம் வேக ஓட்டம் கிடையாது. ஷூ போட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள், மெதுவாக 15 நிமிடம். மற்ற நாளில் சைக்கிள். தினமும் இரண்டு கால்களாலும் எம்பி அப்படியே 45 வினாடி நில்லுங்கள், ஐந்து தடவை.

மூன்றாவது வாரத்திலிருந்து மேலே சொன்ன படிப் பயிற்சி. இரண்டு காலால் எம்பி, வலது காலால் மட்டும் மூன்று எண்ணும் நேரத்தில் இறக்குங்கள். முட்டி நீட்டியபடி 15 தடவை மூன்று சுற்று, முட்டி லேசாக மடக்கியபடி 15 தடவை மூன்று சுற்று. காலையும் மாலையும் சேர்த்து ஒருநாளைக்கு 180. இது ஸ்வீடனில் ஆல்ஃபிரெட்சன் என்ற மருத்துவர் 1998ல் வெளியிட்ட முறை, 12 வாரம் செய்ய வேண்டும். உங்களிடம் இருப்பதும் சரியாக அந்த 12 வாரம்தான். எளிதாகத் தோன்றினால் முதுகுப் பையில் ஐந்து கிலோ அரிசி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் இதைப் படித்துச் செய்வதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: வலி எலும்பு சேரும் இடத்திலேயே இருந்தால் குதிங்காலைப் படிக்குக் கீழே இறக்கக் கூடாது, சமதரையில் செய்ய வேண்டும். உங்களுக்கு இரண்டு விரற்கடை மேலே இருப்பதால் இறக்கலாம். பல் தேய்க்கும்போது வலது காலில் நில்லுங்கள், பிரள்வதற்கு அது மருந்து.

வேக ஓட்டத்தை ஆறாவது வாரம் வாக்கில் திரும்பக் கொண்டுவாருங்கள், முதலில் 200 மீட்டர் துண்டுகளாக. பயிற்சியில் கொஞ்சம் வலிக்கும், அது பரவாயில்லை. பத்துக்கு நான்கு வரை போகலாம். மறுநாள் காலை அந்த முதல் பத்து அடி நேற்றைவிட மோசமாக இருந்தால் மட்டும் ஒரு படி கீழே வாருங்கள். உங்களுக்குக் குறைக்க வேண்டியது 20 வினாடி, 400 மீட்டர் சுற்றுக்கு ஐந்து வினாடி சொச்சம். ஏழெட்டு வாரம் வலியில்லாமல் ஓடினால் அது வந்துவிடும் என்பது என் அனுபவம்.

எப்போது காத்திருக்கக் கூடாது? பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல "படக்" என்று ஆகி, முன்பாதத்தில் எம்ப முடியாமல் போனால் அன்றைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனை எலும்புப் பிரிவுக்குப் போங்கள். கால் திரும்பவும் பிரண்டு, நாலு அடி ஊன்றி நடக்க முடியவில்லை என்றாலோ, கரண்டை எலும்பின் பின்விளிம்பைத் தொட்டால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்காமல் கட்டுப் போடக் கூடாது. பாதத்தின் மேல்பக்கம் ஒரே புள்ளியில், விரல் நுனியால் காட்டும்படி வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு வாருங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும், முதல் பத்து அடியில் வலி பத்துக்கு எத்தனை என்று ஒரு எண் மட்டும் எழுதுங்கள். பக்கத்தில் முந்தின நாள் எவ்வளவு ஓடினீர்கள் என்பதையும் எழுதுங்கள். நாலு வாரம் கழித்து அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். வேக ஓட்டத்தை ஆறாவது வாரம் ஆரம்பிப்பதா, எட்டாவது வாரமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.